சாவி யாருடையது? தோட்டப்புற ஊரில் குடும்பங்களை வகைப்படுத்தப் புதிதாக வருகிறவர்களுக்கு

பத்தாங் பெர்ஜுந்தையின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். அரசாங்கக் கடிதங்களில் புதுப் பெயர் வருகிறது. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் கித்தாவும் (ரப்பர்) ஈயமும் வாழவைத்தன. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை (எண்ணெய்ப்பனை). மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது 1917-இல், இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான்.

இந்த ஊரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், எந்தக் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்து வகை பிரிக்கும் பணிக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்கள் வருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், கோயில் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள். நல்ல மனத்தோடு வருகிறார்கள். கையில் தவறான படிவத்தோடு வருகிறார்கள். முதல் சுற்றில் நானும் அப்படித்தான் வந்தேன். என் படிவத்தால் ஒரு முதிய தம்பதிக்கு நேர்ந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதைக் கீழே சொல்கிறேன். முதலில் வேலையைத் தொடங்கும் முறை.

நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

படிவம் அச்சிடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: எதற்காக வகைப்படுத்துகிறோம்? "பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் கட்டண உதவி யாருக்குத் தருவது?" என்பது ஒரு கேள்வி. "வீட்டு மனை கேட்கும் மனுவில் யார் யாரைச் சேர்ப்பது?" என்பது வேறு கேள்வி. "ஆவணம் இல்லாத பிள்ளைகள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள்?" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று பட்டியல் வரும். ஒரே பட்டியலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிற பழக்கம் பல அமைப்புகளிடம் இருக்கிறது. வேன் கட்டணத்துக்குத் தயாரித்த பட்டியலை வீட்டு மனுவுக்கு எடுத்துக்கொண்டு போனால் தேவையானவர்களே விடுபடுவார்கள். நோக்கம் தெளிவாக இல்லாவிட்டால் அந்தச் சுற்றைத் தள்ளிப்போடுங்கள். மக்களின் நேரத்தையும் நம்பிக்கையையும் செலவழிக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

பி40 என்ற ஒரே மூட்டை

புதியவர்கள் முதலில் கேட்பது, "பி40, எம்40, டி20 என்று பிரித்துவிடலாமே?" என்பதுதான். வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்கள், நடுவில் உள்ள 40, மேலே உள்ள 20 என்று பொருள். புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கெடுப்பின்படி, மாத வருமானம் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கள் பி40. அதற்கு மேல் 11,819 ரிங்கிட் வரை எம்40. அதற்கும் மேலே டி20. நாடு முழுவதையும் பார்ப்பதற்கு இந்தப் பிரிவு பயன்படுகிறது. இதைத் தோட்டத்து லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் 3,400. லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா வீடும் பி40. வகைப்படுத்தி முடித்துவிட்டோம், ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

வறுமைக் கோடும் இப்படித்தான். 2016-இல் அது குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்று இருந்தது. அந்தக் கணக்கில் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்து, இந்தக் கோடு நடைமுறை வாழ்க்கையோடு பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020-இல் முறை திருத்தப்பட்டது; கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது; 2019-ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு ஆனது. 2022-இல் கோடு 2,589 ரிங்கிட். கோட்டை நகர்த்தியதால்தான் பல இலட்சம் பேர் கணக்கில் தெரியத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் படிவத்தில் இந்த எண்களை ஒரு மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கெடுப்பு வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். அரசாங்க உதவிக்கு மனு எழுதும்போது அவை தேவைப்படும். ஊருக்குள் ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் வேறுபடுத்த வேறு அளவுகோல் வேண்டும்.

இணையத்தில் தேடினால் இந்தியாவில் பயன்படும் அளவுகோல்கள் கிடைக்கும். உதய் பரீக், திரிவேதி இருவரும் 1964-இல் கிராமங்களுக்கென வகுத்த அளவுகோல், பி. ஜி. பிரசாத் 1961-இல் தலைக்கு மாத வருமானத்தை வைத்து வகுத்த பிரிவு, நகரங்களுக்கான குப்புசாமி அளவுகோல் என்று பல. மாணவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பரீக் அளவுகோலில் நிலத்துக்கு மதிப்பெண் உண்டு, உழவு மாட்டுக்கும் கருவிகளுக்கும் உண்டு, சாதிக்கும் உண்டு. நம் தோட்டத்து மக்களுக்குச் சொந்த நிலமும் இல்லை, ஏரும் இல்லை. சாதியைக் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ஒரு லயத்தில் எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கதவும் உங்களுக்கு மனதாரத் திறக்காது. திறக்கவும் கூடாது.

ஊரை நடந்து பாருங்கள்

வரைபடம் ஒன்றை நீங்களே கையால் வரையுங்கள். தோட்டப்புற ஊர் என்றால் லயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்ட நிருவாகத்தின் வீடுகள், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு அங்கேயே தங்கிவிட்டவர்களின் பலகை வீடுகள், தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகள், குறைந்த விலை அடுக்குமாடிகள், கடைவீதியின் மாடி அறைகள், ஆற்றோரத்திலும் பழைய ஈயக் குட்டைகளின் ஓரத்திலும் பட்டா இல்லாமல் எழும்பிய வீடுகள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் விடுதிகள். எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுங்கள். பெயர் வேண்டாம், எண் மட்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளிகள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர்களில் பலர் அவர்கள்தான். அவர்களும் இந்த ஊர்வாசிகள். தனித்தாளில் எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். அவர்களை எழுதாமல் விட்டால் ஊரின் கூலி ஏன் இந்த அளவில் நிற்கிறது என்பது உங்களுக்குக் கடைசிவரை விளங்காது.

முதல் நாள் தனியாகப் போகாதீர்கள். சிலாங்கூரில் இந்தியர் சமூகத் தலைவர் என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். அவரையும், கோயில் நிருவாகத்திலிருந்து ஒரு பெண்மணியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்து எல்லைக்குள் நுழைய நிருவாகத்தின் அனுமதி தேவைப்படலாம். எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிருவாகத்தின் ஆள் உடன் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். கிராணியோ (தோட்டக் கணக்கர்) மண்டோரோ (மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளியும் சம்பளத்தைப் பற்றி உண்மை பேசமாட்டார்.

நேரமும் முக்கியம். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய், பிற்பகலில்தான் திரும்புகிறார்கள். குளித்துச் சாப்பிட்டு அமர்ந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். அந்த நாட்களில் கடன்காரர்களும் தவணைக்காரர்களும் வாசலில் நிற்பார்கள்; அப்போது கணக்குக் கேட்கப் போவது மரியாதை இல்லை. மாதத்தின் நடுப்பகுதி நல்லது.

ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் யார்?

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் சரியான பதில் வராது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மூத்த மகனையும் சேர்த்துச் சொல்வார் அம்மா; மாதம் ஒருமுறை வருகிறவன்தானே, அவளுக்கு அவன் வீட்டில்தான் இருக்கிறான். பின்கட்டில் தனி அடுப்பு வைத்திருக்கும் தங்கை குடும்பத்தைச் சொல்லமாட்டார். "இந்த வீட்டு உலையில் இன்று எத்தனை பேருக்குச் சோறு?" என்று கேளுங்கள். சேர்ந்து தங்கி, சேர்ந்து உண்டு, செலவைப் பகிர்ந்துகொள்கிறவர்களே ஒரு குடும்பம். வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணம் வருமானத்தில் வரும். அவன் தலை எண்ணிக்கையில் வராது.

தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் எந்த வீட்டையும் எடைபோடாதீர்கள். ஒரே சம்பளம் 1,700, ஆறு பேர் என்றால் தலைக்கு 283 ரிங்கிட். அடுத்த வீட்டில் மூன்று பிள்ளைகள் தொழிற்சாலையில் வேலை, மொத்தம் 6,000. காகிதத்தில் எம்40. அங்கே ஒன்பது பேர் இருக்கிறார்கள், தலைக்கு 667. அவர்களை வசதியானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா?

வருமானத்தைக் கேட்கும் விதம்

"மாதம் எவ்வளவு?" என்று நேராகக் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்; ஒரு மாதச் சீட்டு போதாது, குறைந்தது மூன்று மாதம் வேண்டும். கித்தா மரம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர்த்துத் துளிர்விடும் காலத்தில் பால் குறைந்துவிடும். செம்பனையிலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் காய்ப்பு குறைவு. செப்டம்பர், அக்டோபரில் அதிகம். அடைமழை பெய்தால் இரண்டும் முடங்கும். அக்டோபர் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஒரு குலை வெட்டும் தொழிலாளியின் நிலையை எழுதினால், அவருடைய பிப்ரவரி மாதத்தை நீங்கள் மறைத்துவிடுகிறீர்கள்.

சீட்டில் மேலே இருக்கும் தொகையையும் கீழே இருக்கும் தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். 1,700 ரிங்கிட்டில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போய்விடும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வேலைக் காப்புறுதி, சங்கச் சந்தா, முன்பணம் என்று மேலும் பிடிப்பார்கள். கைக்கு வருவது 1,500-ஐ ஒட்டித்தான். ஆனால் பிடித்தம் உள்ள சீட்டு நல்ல அறிகுறி. சீட்டே இல்லாத குத்தகைக் கூலிகள்தான் கவலைக்குரியவர்கள். குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குப் புல்வெட்டுகிறவர், மருந்தடிக்கிறவர், உதிரிப்பழம் பொறுக்குகிறவர் சில மாதங்களில் நிரந்தரத் தொழிலாளியைவிட அதிகமாகக் கையில் வாங்கலாம். அவருக்குச் சேமநிதி இல்லை. காலில் குலை விழுந்தால் சொக்சோவும் இல்லை. வருமானக் கட்டத்தில் அவர் மேலே தெரிவார். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே "சேமநிதி உண்டா?" என்ற கட்டத்தையும் வையுங்கள்.

பக்க வருமானம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. ஆடு, கோழி, தீபாவளி முறுக்கு, பூக்கட்டுதல், தையல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. இதையெல்லாம் கணவர் "அது ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவார். பெண்களிடம் தனியாக, பெண் தொண்டரே கேட்கட்டும்.

கடனைப் பற்றிக் கேட்கும்போது குரல் தாழட்டும். மோட்டார் சைக்கிள் தவணை, மரச்சாமான் தவணை எளிதாகச் சொல்வார்கள். கூட்டுப் பணம் (சீட்டு) கட்டுவதைச் சொல்லத் தயங்குவார்கள், ஏனென்றால் கூட்டு நடத்துவதை 1971 முதலே சட்டம் தடுக்கிறது. வட்டிக்காரரிடம் அடமானமாகப் போன வங்கி அட்டையைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். "சம்பள நாளில் வங்கி இயந்திரத்தில் பணம் எடுப்பது யார்?" என்று கேட்டால் சில வீடுகளில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை மேலும் கிளறாதீர்கள். படிவத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

வீடு யாருடையது, எந்த நாள் வரை?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டப்புற ஊரில் குடும்பங்களைப் பிரித்துக் காட்டும் முதன்மையான கேள்வி வருமானம் அன்று. வீட்டுச் சாவி யாருடையது, அது எந்த நாள் வரை இவர்கள் கையில் இருக்கும் என்பதே.

எங்கள் முதல் சுற்றில் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். கணவன், மனைவி இருவருக்கும் நிரந்தர வேலை. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. செங்கல் வீடு, வாசலில் ரோஜாத் தொட்டிகள், பழைய புரோட்டோன் கார், மின்சாரம், தண்ணீர் எல்லாம் இருந்தன. தலைக்கு வருமானம் அந்த லயத்திலேயே அதிகம். எங்களுக்குப் பால் கலக்காத தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து உபசரித்தார்கள். "உதவி தேவையில்லை" என்ற பிரிவில் எழுதினோம். எழுதியவன் நான்.

அடுத்த ஆண்டு அந்த ஐயாவுக்கு 60 வயது. வேலை முடிந்தது. மனைவிக்கும் சில மாதங்களில் முடிந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீடு. தோட்டத்துக்குச் சொந்தமான வீடு. சேமநிதிப் பணத்தைப் பற்றிக் கேட்டேன். 55 வயதில் எடுத்து மகளின் கல்யாணத்துக்கும் மகனின் லோரிக்கும் கொடுத்திருந்தார்கள். அதே நேரத்தில் குறைந்த விலை வீடுகளுக்கான மனு ஒன்று ஊரில் தயாரானது. எங்கள் பட்டியலை அடிப்படையாக வைத்துத்தான் தயாரித்தார்கள். அதில் அவர்கள் பெயர் இல்லை. நான்காம் மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. ரோஜாத் தொட்டிகளைக் கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் பணம் குறைவாக வாங்கியதால் இது நேரவில்லை. நாங்கள் ஒரு கேள்வியைக் கேட்காததால் நேர்ந்தது. ஆகவே எல்லா வீட்டிலும் இந்த நான்கையும் கேளுங்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது? வேலை நின்றால் வீடும் போகுமா? வீட்டில் மூத்த தொழிலாளிக்கு 60 வயது ஆக இன்னும் எத்தனை ஆண்டு? அதற்குப் பிறகு எங்கே போவதாக நினைத்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வர நேரம் ஆகும், காத்திருங்கள்.

இதன் பின்னணி புதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் வீடு என்பது சம்பளத்தின் ஒரு பகுதியாகவே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறது. வேலையில் இருக்கும் தொழிலாளியின் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் இருக்கிறது. வேலை முடிந்தவர் எங்கே போவார் என்பது அந்தச் சட்டத்தின் பொருள் அன்று. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சேமநிதியை 55 வயதிலேயே எடுத்துவிடலாம். இடையில் ஐந்து ஆண்டு. வீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் அந்த ஐந்து ஆண்டில் பணம் கரைகிறது. பணம் கரைந்த பிறகு வீடு போகிறது. கோவிட் காலத்துச் சிறப்பு அனுமதிகளில் பலர் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ஆகவே "சேமநிதி உண்டா?" என்பதோடு "இன்னும் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

அட்டையின் நிறம்

அடையாள அட்டை நீலமா, சிவப்பா, பச்சையா? நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு, பச்சை தற்காலிகவாசிகளுக்கு. தோட்டங்களில் பிறந்து தோட்டங்களிலேயே முதுமையடைந்த பாட்டிமார் சிலர் இன்றும் சிவப்பு அட்டையோடு இருக்கிறார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மலேசியாவில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரின் நிலையும் பார்க்கப்படும். கோயிலில் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணமாக இருக்கும், பதிவு செய்திருக்கமாட்டார்கள். 1982 மார்ச் முதல் பதிவில்லாத திருமணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. அந்த நிலையில் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பெறும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணமில்லாதவராகவோ இருந்தால், தந்தை நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்கு வழியில்லாமல் போகிறது. பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பல வீடுகளில் இது வெளியே தெரிகிறது.

அப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டை, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், தனிப் பிரிவில் எழுதுங்கள். பெரியவர்களிடம் இதைக் கேட்கும்போது அந்தப் பிள்ளை அருகில் இருக்கக் கூடாது.

ஊராரே பிரிக்கட்டும்

படிவங்கள் முடிந்ததும் நீங்களே அறைக்குள் உட்கார்ந்து வகை பிரிக்காதீர்கள். 1980-களில் ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் கிராம ஆய்வுகளில் பரப்பிய ஒரு முறை நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. வீட்டுக்கு ஓர் அட்டை. அதில் வீட்டு எண் மட்டும். ஊரை நன்கு அறிந்த மூன்று குழுக்களைத் தேர்ந்தெடுங்கள். ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று, இளையோர் ஒன்று. குழுவுக்கு மூன்று அல்லது நான்கு பேர். தனித்தனியாக அழைத்து, "ஒரே மாதிரி நிலையில் உள்ள வீடுகளை ஒரே குவியலில் வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை குவியல் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

கணக்கு எளிது. நல்ல நிலையில் உள்ள குவியல் ஒன்று என்று எண்ணத் தொடங்குங்கள். ஒரு குழு நான்கு குவியல் வைத்து, ஒரு வீட்டை மூன்றாவதில் வைத்தால் மூன்றை நான்கால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 75. வேறு குழு ஐந்து குவியல் வைத்து அதே வீட்டை மூன்றாவதில் வைத்தால் 60. மூன்று குழுக்களின் சராசரி அந்த வீட்டின் எண். எண் கூடக் கூட நெருக்கடி அதிகம். குழுக்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் அந்த வீட்டுக்கு மறுபடி போங்கள். ஆண்கள் குழு ஒரு வீட்டை முதல் குவியலிலும் பெண்கள் குழு அதையே கடைசியிலும் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் குடிப்பழக்கம் இருந்தது, பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

எண்ணைவிட மதிப்புள்ளது அவர்கள் சொல்லும் காரணம். "ஏன் இந்த வீட்டை இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். ஓர் அம்மா முதல் குவியலைக் காட்டி, "மழை பெய்தாலும் அடுப்பு எரியும் வீடு" என்றார். ஒரு வாரம் அடைமழை, வேலையில்லை, அப்படியும் அடுப்பு எரிகிறது என்றால் அந்த வீட்டில் சேமிப்பு இருக்கிறது, கடன் குறைவு, வேறு வருமானம் இருக்கிறது. எத்தனையோ கேள்விகள் கொண்ட என் படிவம் சொல்ல முயன்றதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த வாக்கியம் இப்போது எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியாகவே இருக்கிறது: ஒரு வாரம் வேலை நின்றால் எத்தனையாவது நாளில் கடன் வாங்குவீர்கள்?

வகைகளும் அவற்றை ஒதுக்கும் விதியும்

நாங்கள் ஐந்து வகை வைத்திருக்கிறோம். சொந்த வீடும் நிலையான வருமானமோ ஓய்வூதியமோ உள்ளவர்கள் முதல் வகை, எண்ணிக்கையில் குறைவு. தாமானில் தவணை கட்டி வாழ்கிறவர்கள் இரண்டாம் வகை. வெளியிலிருந்து பார்த்தால் முதல் வகையைப் போலத் தெரிவார்கள். ஒருவர் இரண்டு மாதம் படுத்துவிட்டால் வங்கியிலிருந்து கடிதம் வரும். மூன்றாம் வகை, வேலையோடு கட்டப்பட்ட வீட்டில் இருப்பவர்கள். இவர்களை வயதுப்படி மேலும் பிரிக்கிறோம்: ஓய்வுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள், பத்துக்குள் உள்ளவர்கள், மூன்றுக்குள் உள்ளவர்கள். நான்காம் வகை, சேமநிதி இல்லாத நாள்கூலிகள், வாடகைக்கும் பட்டா இல்லாத நிலத்திலும் இருப்பவர்கள். ஐந்தாம் வகை, ஆவணம் இல்லாதவர் உள்ள வீடுகளும், துணையில்லாமல் தனித்து வாழும் முதியவர்களும்.

ஒரு குடும்பம் எந்த வகையில் வரும் என்பதற்கு மதிப்பெண்களைக் கூட்டி முடிவெடுக்காதீர்கள். பானை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் நிற்காது. தொலைக்காட்சிக்கு இரண்டு, காருக்கு நான்கு என்று கூட்டிக்கொண்டே போனால் ஓட்டை மறைந்துவிடும். வீடு, வருமானம், சேமிப்பு, ஆவணம், உடல்நலம் ஆகிய ஐந்தில் எது மிகவும் மோசமாக இருக்கிறதோ அதைக்கொண்டு வகையை முடிவு செய்யுங்கள். பொருள்களின் பட்டியலை நான் இப்போது கேட்பதே இல்லை. கார் இல்லாத தோட்டத்தில் மருத்துவமனைக்குப் போக வழியில்லை. காரை ஆடம்பரம் என்று எண்ணியதுதான் எங்கள் முதல் பிழை.

படித்துக் காட்டுங்கள், பூட்டி வையுங்கள்

முடிவு செய்த வகையை அந்தந்தக் குடும்பத்திடம் தனியாகச் சொல்லுங்கள். "அம்மா, உங்கள் வீட்டை இப்படி எழுதியிருக்கிறோம், சரியா?" என்று கேளுங்கள். திருத்தச் சொன்னால் காரணம் கேட்டுத் திருத்துங்கள். பெயர்களும் வீட்டு எண்களும் உள்ள தாள் ஓரிடத்தில், எண்களும் வகைகளும் உள்ள தாள் வேறிடத்தில் இருக்கட்டும். கோயில் அறிவிப்புப் பலகையில் பட்டியலை ஒட்டாதீர்கள். வாட்சாப் குழுக்களில் போடாதீர்கள். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பட்டியல் தயாரானதும் அவரவரை உரிய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களை இ-காசே (அரசாங்கத்தின் ஏழைக் குடும்பப் பட்டியல்) பதிவுக்கு மாவட்ட அலுவலகத்துக்கு. ரஹ்மா ரொக்க உதவிக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு. தனித்து வாழும் முதியவர்களைச் சமூகநல இலாகாவுக்கு. வேலையில் காயம்பட்டவர்களைச் சொக்சோவுக்கு. ஆவணம் இல்லாத பிள்ளைகளைத் தேசியப் பதிவிலாகாவுக்கு. முடிந்தால் கூடவே ஒருவர் போங்கள். படிவம் மலாய் மொழியில் இருக்கும். வரிசையில் நிற்க ஒரு நாள் சம்பளம் போகும். அந்த நாள் சம்பளத்தையும் உங்கள் செலவுத் திட்டத்தில் சேருங்கள்.

கடைசியாக, பட்டியலின் முதல் பக்கத்தில் தேதியை எழுதி, அடுத்த சுற்று எப்போது என்றும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும். தோட்டம் கைமாறினால் உடனே. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாம் வகையில் 58, 59 வயதுக்காரர்கள் உள்ள வீட்டு எண்களை வட்டமிடுங்கள். அடுத்த சுற்றை அந்த வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.